துண்டுக்குள் விலை

என் மகன் கைப்பேசியில் பங்கு விலை பார்க்கும்போது நானும் ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, அவன் திரையைத் திருப்பிக்கொள்வான். அந்த நறுக்கெழுத்துகளை ஏழாம் வகுப்பிலேயே எனக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா மாட்டுத் தரகர். யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மாவின் கம்மலை விற்று ஒரு நூற்பாலையின் பங்குகளை முப்பது ரூபாய் விலையில் வாங்கிவிட்டார். விலை இரண்டு மடங்கைத் தாண்டியதும் விற்று, அதைவிடப் பெரிய கம்மலாக வாங்கித் தருவதாகப் பேச்சு. அதுவரை காது தூர்ந்துவிடாமலிருக்க அம்மா வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

விலை பார்ப்பது என் வேலை. பள்ளி விட்டதும் நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரைத் தேடுவேன். எங்கள் ஆலையின் நீளமான பெயரை அதில் ஐந்தே எழுத்தாகக் குறுக்கியிருப்பார்கள். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் சொன்னதும் அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிமலையில் ஆட்டுக் காதை வெட்டி அடையாளம் வைப்பது மாதிரிதானே என்றார். விலையை உள்ளங்கையில் எழுதி வந்து விரித்துக் காட்டுவேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

ஆடியில் விலை எழுபதைத் தாண்டியது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் பங்கு விற்றுத்தரும் ஆபீசுக்குப் போனார். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் ஐந்தெழுத்தை நான்தான் தொட்டுக் காட்டினேன். பக்கத்தில் எழுபத்திரண்டு என்று இருந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அங்கிருந்த இளைஞரிடம் நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் அப்படித்தான். வாயால் சொல்வது சும்மா ஒரு விலை. துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வதுதான் நிஜ விலை.

"இன்னாங்க இது?" என்றார் இளைஞர். யாரோ சிரித்தார்கள். திரையில் இருப்பதுதான் விலை, விற்கிறீர்களா இல்லையா என்று அவர் கேட்டார். அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த இளைஞர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விற்காமலே திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "நெச வெலைய எவனாவது ஊரே பாக்கறாப்ல எழுதி வச்சிக்கினு இருப்பானா? இன்னும் ஜாஸ்தி போவும் பாரு."

போகவில்லை. தை பிறப்பதற்குள் ஒன்பதுக்கு வந்துவிட்டது. அன்று உள்ளங்கையில் எழுதியதை வழியிலேயே எச்சில் தொட்டு அழித்துவிட்டேன். நீலம் அப்பிய கையை அப்பா பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள்.

"இன்னா வெல சொல்றீங்க, தரகரே?"

துண்டு கொஞ்சம் அசைந்தது. பிறகு அசையவே இல்லை. அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவும் கையை எடுக்கவில்லை.

"எத்தன வெரல்மா?" என்று கேட்டேன். இன்னும் விலை படியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கை கழுவப் போனேன்.