செருப்பில்லாமல் வந்தவள்

ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடை மாடியில் வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். அன்று பௌர்ணமி. கீழே ரோட்டில் கிரிவலக் கூட்டம். மேலே திரையில் ஒரு ஜோடி துப்பாக்கியோடு காரில் ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளையடிப்பார்கள், ஓடுவார்கள், முத்தமிடுவார்கள், மறுபடி ஓடுவார்கள். உருப்படாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் கண்ணெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஜோடிமேல்தான். வம்பு என்றால் எனக்கு வெல்லம். அந்தப் பெண் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அதை அடிக்கடி துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். படம் முடிந்து திரையில் இரண்டு பேரும் செத்துக் கிடந்தபோது, என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க்கா, இவங்க போலீஸ்ல போய் சொல்லியிருக்கலாமில்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொள்ளைக்காரன் போலீஸுக்குப் போவானா? ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நம் பக்கத்தில் ஓடிப்போகிற ஜோடி தாலி கட்டிய கையோடு ஓடுவதே போலீஸிடம்தான். நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எஸ்.பி. ஆபீஸ் வாசலில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

“அப்ப நீங்க?”

“காலைல போறோம்க்கா. அம்மாவையும் கூப்டு பேசுவாங்களாம். வந்தா என்னைக் கொன்னே போட்டுடும்.”

கீழே இறங்கினால் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, இவள் வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினாள். எங்கே செருப்பு என்று கேட்டேன்.

“கிரிவலம் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்க்கா. போட்டுக்கினு கிளம்பினா அம்மாக்கு சந்தேகம் வந்துடுமே.”

அடிப் பாவி! தாலி வரை யோசித்தவள் வேறு ஒரு செருப்பு வாங்கிக்கொள்ள யோசிக்கவில்லை. பாவமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பர்மிஷன் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். எஸ்.பி. ஆபீஸ் வேப்பமரத்தடியில் அந்தப் பெண், பக்கத்தில் அவன், எதிரே அவள் அம்மா. பெண் போலீஸ் ஒருத்தர் கேட்டார்: “அம்மாவோட போறியாம்மா?”

“இவரோடதான் போவேன்.”

அம்மா எழுந்தாள். கையிலிருந்த மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு செருப்பை உருவினாள். பெண் போலீஸ் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடி வாங்கத் தயாராக மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“விடுங்கம்மா” என்று கையை உதறிய அம்மா, பைக்குள்ளிருந்து இன்னொன்றையும் எடுத்தாள். இரண்டையும் மகளின் காலடியில் வைத்தாள்.

“வெயில் ஏறுது. போட்டுக்கினு போ.”

அவ்வளவுதான். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். மகள் அந்தச் செருப்பைக் காலில் போடவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.