மூர்த்தியிடம் யாராவது கேட்டீர்களா?

போன வாரம் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டோம் — நானும் என் அக்கா வசந்தாவும்.

காரணம், தம்பி மூர்த்தி. இந்தப் பத்தியில் அவனைப் பற்றி நான் எழுதியதே இல்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அம்மா போன பிறகு மரக்காணத்தில் அக்கா வீட்டில் இருக்கிறான். மாமாவுக்கு அங்கே உப்பளம். மழைக்காலம் முடிந்ததும் பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். வரிசையாக நின்று, ஒரே தாளத்தில். அந்தத் தாளத்தைச் சத்தமாகச் சொல்லி எல்லோரையும் நகர்த்துவது மூர்த்திதான்!

இந்த வருஷம் பாதிப் பாத்தியிலேயே நின்றுவிட்டான். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றுமே நடக்காதது போல அவன் கையைக் கோத்துக்கொண்டு மிதித்தார்கள்.

"வெயிலு தாங்கல அவனுக்கு" என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். நம்ப ஆசை... வேறென்ன?

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரக்கூடுமாம். ஏன், எப்படி என்று ஆராய்ச்சி செய்கிறார் அந்த டாக்டர். அதில் சேர மூர்த்தியையும் கூப்பிட்டார். இவர்களே வராமல் இவர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

"ஊசி கீசி போட்டு எதுனா ஆயிட்டா? அவன் இன்னா எலியா?" — அக்கா கொதித்தாள்.

"இதனால இவருக்குக் குணமாயிடும்னு பொய் சொல்ல மாட்டேம்மா. பேசுவோம், ஞாபகத்தைப் பாப்போம், கொஞ்சம் ரத்தம் எடுப்போம். வருஷா வருஷம் வரணும். புடிக்கலன்னா எப்ப வேணா நின்னுக்கலாம்."

எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக மூன்று வார்த்தை சொன்னார். மாம்பழம், சாவி, சைக்கிள். சற்று நேரம் வேறு பேச்சு. பிறகு, "நான் சொன்னது என்ன மூர்த்தி?"

அவன் யோசித்தான். அக்காவின் கை தானாகக் காற்றில் ஒரு பூட்டைத் திறந்து காட்டியது. "சாவி!" என்றான். நான் மாம்பழத்தைச் சப்பிக் காட்டினேன்.

"டெஸ்ட்டு அவருக்கா, உங்க ரெண்டு பேருக்கா?"

பேர் கேட்டால்கூட அவனுக்கு முன்னால் நாங்கள் பதில் சொல்லியே பழகிவிட்டோம். பாசம்தான். அந்தப் பாசத்தில் அவன் மறப்பது எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

"மூர்த்தி, நீங்க சொல்லுங்க. வர்றீங்களா?"

"அவனுக்கு இன்னா டாக்டர் தெரியும்..." என்று அக்கா ஆரம்பிக்க, டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். மூர்த்தியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அம்மா மூஞ்சி போவுது" என்றான் மூர்த்தி. "கண்ண மூடினா அம்மா வரும். இப்ப வரல. எங்க போவுதுன்னு பாருங்க. நான் வர்றேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நிமிஷமே அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதே ஏக்கத்தோடுதான் அவனும் இத்தனை நாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்... வாய் திறக்க இடம் விட்டால்தானே?

உங்கள் வீட்டிலும் ஒரு மூர்த்தி இருக்கலாம். இப்படி ஒரு டாக்டர் கூப்பிட்டால், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். புரிகிற மாதிரி சொல்லி, அவரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் கேளுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்து, "அவரு எங்க சார் எறங்கணும்?" என்றார்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் பொறுமையிழந்து விசிலை வாயில் வைத்தார்.

"மரக்காணம்" என்றான் மூர்த்தி. "எங்க அக்கா வீடு."

அடுத்த வருஷமும் அவனே சொல்லட்டும்... பஸ் எவ்வளவு நேரம் நின்றாலும் சரி.