நாய் எழுந்து போன நான்காவது பாட்டு

பஞ்சு மாமா என்று அவருக்குப் பெயர் வைத்தது தெருதான். வாசலைத் தாண்டினால் இரண்டு காதிலும் பஞ்சு இருக்கும். பஸ் ஹாரன், பட்டறைச் சத்தம், அக்காவின் அறிவுரை எல்லாவற்றுக்கும் ஒரே பஞ்சு. “டிரைவருக்குக் கண்ணு மாதிரி எனக்குக் காது. தேய விடலாமா?” என்பார்.

முப்பது வருஷமாக ஒரே ஒலிப்பதிவுக் கூடம். டயர் கடைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். நிமிர்ந்து போனவர்கள் நெற்றி வீக்கத்தோடுதான் திரும்பியிருக்கிறார்கள். சுவர்களில் கறுப்பு நுரைப்பலகை. பின்சுவரில் மட்டும் மாமாவின் பழைய மெத்தை. முதுகுவலி என்று மனைவி கழித்துக்கட்டிய அந்த மெத்தை, இங்கே வந்து எதிரொலியைத் தின்றுகொண்டிருந்தது.

அக்கா மகள் பிரெஞ்சில் பாடுகிற ஒரு ராக் குழு வைத்திருந்தாள். நான்கு பேர், மூன்று கிட்டார் பெட்டி, ஒரு நாய். முதல் இரண்டு ஆல்பத்திலும் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்து கொடுத்தது மாமாதான். இது மூன்றாவது. பத்துப் பாட்டு. ஆல்பத்தின் பெயருக்கு ‘மாற்றுச் சாவி’ என்று அர்த்தமாம். அதற்கு மேல் அர்த்தம் சொல்ல அவர் யாரையும் விடமாட்டார். “அழுவுற வரின்னு தெரிஞ்சா கை இளகிடும். அந்த எடத்துல சத்தத்தக் கூட்டிடுவேன். தெரியாமலே இருக்கட்டும்.”

நாய் டிரம்ஸ்காரனுடையது. பெயர் நீதிபதி. கலவை மேசைக்குக் கீழே, மாமாவின் செருப்பில் முகவாயை வைத்துப் படுத்திருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அதை முழுதாகப் போட்டுக் கேட்பார்கள். நீதிபதி தூங்கினால் பாட்டு பாஸ். இரண்டு ஆல்பத்திலும் ஒரு பாட்டுகூட ஃபெயில் ஆனதில்லை. உண்மையைச் சொன்னால், அது எதற்கும் தூங்குகிற நாய்.

இந்த முறை நான்காவது பாட்டில் நீதிபதி எழுந்தது. உடம்பை உதறியது. கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது.

“அதுக்கு பிரெஞ்சு புரிய ஆரம்பிச்சிடுச்சு போல,” என்றான் டிரம்ஸ்காரன்.

“வயசாச்சுடா. காது போயிருக்கும்,” என்றார் மாமா.

ஐந்தாவது பாட்டுக்கும் போனது. ஆறாவதுக்கு பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். லஞ்சத்தை முழுதாக வாங்கித் தின்றுவிட்டு வெளிநடப்பு செய்தது.

திங்கட்கிழமை ஆல்பத்தை வெளியீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். வியாழன் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது மாமா தனியாக உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் ஒற்றைச் சுருதியை விட்டு, திருகியை மெல்ல மேலே ஏற்றினார். ஐயாயிரம் ஹெர்ட்ஸ், கேட்டது. ஆறாயிரம், யாரோ அடுத்த தெருவில் விசில் அடிப்பதுபோல. எட்டாயிரத்தில் அறை அடங்கிவிட்டது.

ஒயர் கழன்றிருக்கும் என்று குனிந்து பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. மீட்டரில் பச்சை விளக்கு துள்ளிக்கொண்டிருந்தது. கதவோரம் நீதிபதி காதை விடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை முறைத்தது.

மாமாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பாட்டு மங்கலாக இருப்பதாக நினைத்து, மேல்பக்கத்து மெல்லிய சத்தங்களை நாளுக்கு நாள் ஏற்றியிருக்கிறார். அக்கா மகள் ‘ஸ்’ என்று பாடும் இடமெல்லாம் ஊசியாகியிருக்கும். வெளியே போகும்போதெல்லாம் பஞ்சு வைத்துக் காத்த காதை, உள்ளே இந்த இரண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

முதுகுவலி என்று சொல்லி நழுவிவிடலாம். மானம் மிஞ்சும். அப்படியே அனுப்பிவிட்டால் நாற்காலியும் மிஞ்சும், பிள்ளையின் பாட்டுதான் பாழாகும். யோசித்து முடிப்பதற்குள் அக்கா மகளே வந்துவிட்டாள்.

“மாமா, சாப்பிடலையா?”

“எனக்குக் காது போச்சு, பாப்பா.”

“என்னது?”

“நான் கேக்க வேண்டியத நீ கேக்குற.”

அவள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் மீட்டரைக் காட்டினார். “இது இப்ப கத்திக்கிட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்கல. உன் குரல்ல ஊசி ஏத்தி வச்சிருக்கேன். நாய் சரியாத்தான் தீர்ப்பு சொல்லிச்சு. வேற ஆள்கிட்ட குடுத்துடு.”

அவள் சுருதியை நிறுத்தினாள். “எனக்கும் குத்துச்சு மாமா. நீங்க போட்டதாச்சே, ஏதோ புது ஸ்டைல்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“லூசு.”

“கைய நீட்டுங்க.”

“எதுக்கு, ரேகை பாக்கவா?”

“குத்துற எடத்துல கிள்ளுவேன். கிள்ளுறத நிறுத்துற வரைக்கும் இறக்குங்க. அடியில ஓடுற கிட்டார், டிரம்ஸ், எது முன்னாடி எது பின்னாடி, அதெல்லாம் உங்க பாடு. அத உங்கள விட்டா யாரும் பண்ண முடியாது.”

மூன்று நாள் அப்படித்தான் வேலை நடந்தது. அவர் இடது கையை அவளிடம் கொடுத்துவிட்டு வலது கையால் கலந்தார். சனிக்கிழமை அவர் கையைப் பார்த்து மனைவி, “கொசுவா?” என்றாள். “அக்கா மக,” என்றார்.

ஏழாவது பாட்டில் ஒரு வரி வரும்போதெல்லாம் மூன்று வாரமாக அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அர்த்தம் கேட்டுவிட்டார்.

“பல்லு தேச்சியான்னு கேக்குறது மாமா. அம்மா தினம் ஃபோன்ல கேக்கும்ல.”

“இதுக்கா நான் அழுதேன்?” என்றவர், அந்த வரியை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஞாயிறு சாயங்காலம் நான்காவது பாட்டை முழுதாகப் போட்டார்கள். யாரும் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை; கதவையே பார்த்தார்கள். நீதிபதி எட்டிப் பார்த்தது. நின்றது. நடந்து வந்து, மாமாவின் செருப்பை ஒருமுறை மோந்துவிட்டு, முகவாயை வைத்துப் படுத்தது. இரண்டாவது சரணத்தில் மேசைக்கு அடியிலிருந்து தடித்த குறட்டை கிளம்பியது.

குறட்டையைச் சொல்லலாமென்று அவள் அவர் கையைக் கிள்ளப் போனாள். மாமா அந்த விரல்களைப் பிடித்து நிறுத்தினார்.

“கேக்குது, பாப்பா. இது நல்லாவே கேக்குது.”