கழுத்தில் பூசாத கறுப்பு

ராசிபுரம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மணப்பெண் அலங்காரம் செய்பவர். பேசும்போதெல்லாம் புறங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அங்கே நாலைந்து நிறங்களில் பவுண்டேஷன் கோடுகள் தெரிந்தன.

நான் கைபேசியில் ஊமைப்படக் காலத்து அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் கறுப்பு வேலைக்காரி வந்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்தப் பொண்ணு மூஞ்சில கரி பூசியிருக்குதுங்களா?”

“ஆமாங்க, அது வெள்ளைக்காரி. கறுப்பா இருக்கறவங்களுக்கு வேஷம் குடுக்காம இப்படிப் பூசி ஏமாத்தியிருக்காங்க” என்றேன் கோபமாக.

“கழுத்த உட்டுட்டாங்க பாருங்க. நாங்க கல்யாணப் பொண்ண வெள்ளையாக்குனா காது, கழுத்து எல்லாம் பூசிருவோமுங்க. மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியாது.”

என் கோபம் யார்மேல் என்று எனக்கே குழம்பியது. அவர் இறங்கும்போது என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அக்கா, உங்களுக்கு ரெண்டு ஷேடு வெள்ளையா ஏத்துனாப் போதுங்க.”

நன்றி என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.