யாருக்கும் தோன்றியிருக்குமா?

சார்ஜரை நிறுத்திவிட்டு டிரான்சிஸ்டரின் அலுமினியத் தகட்டில் விரலை வைத்தேன். சுடவில்லை. மலேசியாவின் கமுந்திங்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் அதுவரை செய்த எந்தச் சார்ஜரிலும், முழுச் சுமையில் ஓடி முடித்ததும் அந்தத் தகட்டைத் தொட்டால் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அன்று விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்று சிரித்தேன். மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கு நாங்கள் வடிவமைத்த சார்ஜர் அது. அந்தச் சிரிப்புக்குக் காப்புரிமை கிடைக்குமா என்ற கேள்விதான் என்னைக் குனோங் ராபாட்டில் இருந்த அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாங்கள் அக்கா என்றே அழைத்த அவர் காப்புரிமை முகவர். அதற்கு முன் எங்களைப் போலவே மின்மாற்றுச் சுற்றுகளை வடிவமைத்தவர். பிறகு தேர்வு எழுதி இந்தத் தொழிலுக்கு வந்து, சுண்ணாம்பு மலையடிவாரத்துத் தெருவில் தம் வீட்டு முன்னறையையே அலுவலகமாக வைத்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். ஒரு சுற்று அவருக்குப் பிடித்துவிட்டால் நாற்காலியில் உட்கார மாட்டார்; பெரிய கோப்பையில் மைலோ பானத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே பேசுவார். எங்கள் விண்ணப்பத்தை எழுதிய நாட்களில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். சார்ஜருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் வீணாகிச் சூடாகிறது. அதில் ஒரு பகுதியை ஒரு கெப்பாசிட்டர் பிடித்துத் திருப்பித் தருகிறது. பேட்டரிப் பக்கத்தில் இன்னொரு டிரான்சிஸ்டர் வாயிற்கதவு போல நிற்கிறது. மின்னோட்டம் பேட்டரியை நோக்கி மட்டும் போகவேண்டும். அது திரும்பி வருவதற்குள் கதவை மூடிவிட வேண்டும். எங்கள் தொழிலில் யாரும் மீறாத விதி அது. நாங்கள் அந்தக் கதவை ஒரு நூலளவு தாமதமாக மூடினோம். கொஞ்சம் மின்னோட்டம் வேண்டுமென்றே பின்னால் வந்தது. அப்படி வந்த மின்னோட்டம், முதல் டிரான்சிஸ்டரில் தேங்கிக் கிடந்த மின்னூட்டத்தைத் துடைத்துவிட்டுப் போனது. அதனால் அடுத்த முறை அது சிரமமில்லாமல் திறந்தது, சூடும் இல்லை.

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் அதை ஏற்கவில்லை. இரண்டு பழைய ஆவணங்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில், வீணாகும் மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில் பிடித்து மறுபடி பயன்படுத்தும் வழி இருந்தது. மற்றதில் அந்த வாயிற்கதவு டிரான்சிஸ்டர் இருந்தது. இரண்டையும் சேர்த்து, நேரத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றிப் பார்ப்பது இத்துறையில் பழகிய யாருக்கும் தோன்றக்கூடியதே என்று எழுதியிருந்தார். எங்கள் முதலாளி சோர்ந்துபோனார். பெரிய கம்பெனி ஒன்று எங்கள் சார்ஜரை வாங்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியும். காப்புரிமை இல்லையென்றால் அவர்கள் அதையே எங்களைவிட வேகமாகச் செய்து சந்தையில் இறக்கிவிடுவார்கள்.

நான் கோபத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவரும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே கோபத்தை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“உண்மைய சொல்லவா? படிக்கப் படிக்க அவரு சொல்றது சரின்னுதான் எனக்கும் தோணுது” என்றார்.

“என்னக்கா, நீங்களே இப்படி சொல்றீங்க?”

“ஆனா நான் உங்க படத்த பாத்துட்டேனேம்மா. பாத்துட்டா எல்லாமே சுலபமாத்தான் தெரியும். பரிசோதகரும் பாத்துட்டுத்தான் பழைய ஆவணத்த தேடியிருக்காரு. பாத்த கண்ண வச்சிக்கிட்டு எப்படி சொல்றது? பாக்காத ஆளு ஒருத்தரு வேணும்.”

சட்டம் கேட்பது ஒரு கற்பனை மனிதரை என்று அக்கா விளக்கினார். அவருக்கு இந்தத் துறை நன்றாகத் தெரியும், பழைய ஆவணங்களும் தெரியும், ஆனால் எங்கள் வடிவமைப்பு மட்டும் தெரியாது. “அவரால முடியுமான்னு கேக்காத. முயற்சி பண்ணா யாராலயும் எதுவும் முடியும். அவரு அத செஞ்சிருப்பாரான்னு கேளு. அங்கதான் எல்லாம் இருக்கு” என்றார். பிறகு எழுந்து நடக்கத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது.

அவர் கண்டுபிடித்த ஆள் லகாட்டில் இருந்த ஓர் அண்ணன். அக்காவோடு முன்பு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது வேறொரு நிறுவனத்தில் மின்மாற்றுச் சுற்றுகள்தான் வடிவமைக்கிறார். எங்கள் சார்ஜரைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவர். அந்த இரண்டு பழைய ஆவணங்களை மட்டும் கொடுத்து அவரை வரையச் சொல்லப்போவதாக அக்கா சொன்னார். பரிசோதகருக்கு அனுப்பவா இந்தச் சோதனை என்று கேட்டேன். “இல்ல, இது எனக்காக. நான் நம்பாதத எழுதமாட்டேன்” என்றார். அண்ணனும் எங்கள் வடிவமைப்பையே வரைந்துவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிடச் சொல்லி அவரே முதலாளியிடம் பேசப் போவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அண்ணன் வந்தார். பருத்த உருவம், சட்டைப் பையில் பென்சில். அக்கா என்னை மூலையில் உட்காரவைத்து, “நீ வாயே திறக்கக்கூடாது. முகத்தையும் காட்டாத, ஜன்னலப் பாத்துக்க” என்றார். இரண்டு பழைய ஆவணங்களையும் அண்ணனிடம் கொடுத்தார். “இது ரெண்டையும் வச்சி, சூடு குறைவா ஒரு சார்ஜர் வரைங்க. வேற எதுவும் சொல்லமாட்டேன்.”

அண்ணன் படித்தார், முனகினார், வரைந்தார். காப்பி ஆறுவதற்குள் முதல் ஆவணத்தின் கெப்பாசிட்டரையும் இரண்டாம் ஆவணத்தின் வாயிற்கதவையும் ஒன்றாகப் பொருத்திவிட்டார். “இது சேரும்லா அக்கா. யாரும் இப்படித்தான் செய்வாங்க” என்றார். ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் முடிந்ததாகத் தோன்றியது. எங்களுடையது என்று விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிய முதல் உரிமைக்கோரிக்கை அந்தச் சேர்க்கையேதான்; தாமதமாக மூடும் கதவு அடுத்தது. பரிசோதகர் சொன்னது சரி.

“இன்னும் சூட்ட குறைக்கணுமே” என்றார் அக்கா, குரலில் எதையும் காட்டாமல்.

அண்ணன் மறுபடி குனிந்தார். மின்னோட்டம் ஏறி இறங்கும் கோட்டை வரைந்து, கதவு மூடும் இடத்தில் பென்சிலை வைத்தார். அந்தப் பென்சில் வலப்பக்கம் நகர்ந்தது. தாமதமான பக்கம். “கொஞ்சம் லேட்டா மூடினா…” என்று இழுத்தார். நான் ஜன்னலை மறந்து திரும்பிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி மலைப்பக்கம் திரும்பினேன். போச்சு, அண்ணன் இதோ சொல்லப்போகிறார்.

“சே, வேணாம்லா” என்றார் அண்ணன். “கரண்டு திரும்பி வந்துரும். பேட்டரியிலேர்ந்தே உருவிடும். இந்த ரெண்டாவது ஆவணத்துலயும் கூடாதுன்னுதானே போட்டிருக்கு. முன்னாடியே மூடிருவோம், அதான் பத்திரம்.” வலப்பக்கம் போட்ட கோட்டை அடித்துவிட்டு, இடப்பக்கம், நாங்கள் போனதற்கு நேர் எதிர்த்திசையில், புதுக்கோடு போட்டார்.

அக்கா அவருக்கு நன்றி சொன்னார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், வாசல்வரை போய் வழியனுப்பினார். கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே ஓடி வந்து என் தோள்களைப் பிடித்து உலுக்கினார். “பாத்தியா? தெரிஞ்ச மனுசன், கை வச்சும் பாத்தாரு, வேணாம்னு தள்ளிட்டாரு! முடியும், ஆனா செஞ்சிருக்கமாட்டாரு!” அறுபதை நெருங்கிய ஒருவர் அப்படிக் குதித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து குதித்தேன்.

மகிழ்ச்சி முழுதாக இருக்கவில்லை. முதல் கோரிக்கையை நாமே விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா உறுதியாகச் சொன்னார். நான் வாதாடிப் பார்த்தேன். அண்ணன் வரைந்ததைப் பரிசோதகர் பார்க்கவில்லையே என்றேன். “நான் பாத்துட்டேனே” என்றார். முதலாளி, பாதியை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டார். “நிக்கிற பாதி மிஞ்சும்” என்றார் அக்கா. பதிலில் தாமதமாக மூடும் கதவை மட்டும் வைத்துக்கொண்டார். பரிசோதகர் காட்டிய இரண்டாம் ஆவணமே மின்னோட்டம் திரும்புவதற்கு முன் மூடச் சொல்லி எச்சரிக்கிறது, அதைப் படித்தவர் எங்கள் பக்கம் வந்திருக்கவே மாட்டார் என்று எழுதினார். எங்கள் வெப்ப அளவீடுகளையும் இணைத்தார். பல மாதங்கள் எந்தச் செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அக்காவின் குரல் கேட்டது. சொல்வதற்கு முன்பே அவர் நடந்துகொண்டிருக்கும் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

இப்போது அந்தச் சார்ஜர்கள் கமுந்திங்கிலிருந்து லாரியில் போகின்றன. பிரித்துப் பார்த்த பெரிய கம்பெனி எங்களிடம் உரிமம் வாங்கித்தான் செய்கிறது. அக்கா ஓய்வுபெற்று மகளோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, காப்புரிமை கிடைத்த வாரம் ஈப்போ நகரில் நாங்கள் மூவரும் சாப்பிட்ட மதிய உணவுதான்.

அன்றைக்குத்தான் அண்ணனுக்கு எங்கள் வடிவமைப்பைக் காட்டினோம். நாசி கண்டார் சோற்றுக் கடையின் சத்தத்துக்கு நடுவே கைப்பேசித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது.

“அலாமாக், இவ்வளவுதானா? இது யாருக்கும் தோணுமேலா!” என்று வியந்தார்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா புரையேறிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்ல, “நான் அங்க போயிட்டுத் திரும்பி வந்தேன்ல?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் கைப்பேசித் திரையை மறுபடி பார்த்தார். வருந்துகிறாரோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. திடீரென்று தட்டைத் தள்ளிவைத்தார்.

“தங்கச்சி, பின்னால வர்ற கரண்டு கெடுதல் இல்லன்னா, நாம இத்தன வருசமா பயந்து ஒதுக்கி வச்சது இன்னும் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கடைக்காரரிடம் பேனா கேட்டார். மேசை விரிப்புத் தாளில் அவர் வரைய ஆரம்பித்ததைப் பார்க்க அக்காவும் நானும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நெருங்கினோம். எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்களின் பெயர்களில் அண்ணனின் பெயர்தான் முதலில் இருக்கிறது.