குளிசைக்குத் தண்ணீர்

"…மூணாம் மாசமெண்டு நான் சொல்லுறன், இல்ல, நாலெண்டு இவள் சொல்லுறாள். எங்களுக்குள்ள பந்தயம். நீயே சொல்லன்கா மச்சி, உன்ட வாயாலயே. புள்ள பிறந்தா தொட்டில் ஆட்ட ஆள் வேணும்தானே."

சொன்னவள் அடுத்த கொட்டிலில் இருந்தவள். முறைக்கு எனக்கு மச்சி. முகாமில் தண்ணீர் பவுசர் லொறி வருமென்று வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். வரிசையே சிரித்தது. நான் அப்போதுதான் தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தபடி வந்து நின்றேன்.

என் புருஷனைச் சுனாமி கொண்டுபோய் இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. புருஷன் இல்லாதவள் காலையில் சத்தி எடுத்தால் அதற்கு ஒரே காரணம்தான் என்பது அந்த வரிசையின் தீர்ப்பு. பிள்ளைக்குத் தகப்பனையும் அவர்களே பார்த்து வைத்திருந்தார்கள். பவுசர் ஓட்டி வருகிற மனிதர். முன்பல்லெல்லாம் விழுந்தவர், பேரன் கண்டவர். ஒருநாள் என் கையில் இருந்த காயக்கட்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீங்க விடுங்க, நான் தூக்கித் தாறன்" என்று வாளியைக் கொட்டில்வரை கொண்டுவந்து கொடுத்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கடல் துரத்தியபோது மகளைக் கூட்டிக்கொண்டு வாவியைத் தாண்டி மேற்கே, வவுணதீவுக்கு அங்கால் இருந்த என் தாயின் ஊருக்குப் போனேன். ஷெல் துரத்தியபோது அதே வாவியைத் தாண்டிக் கிழக்கே ஓடிவந்து இந்த முகாமில் விழுந்தேன். வந்த புதிதில் மச்சியின் வாய்தான் எனக்குச் சாப்பாடு. தறப்பாளுக்குள் அவிந்துகொண்டு கிடக்கையில், "வெயிலும் எங்களோட இடம்பெயர்ந்து வந்திட்டுகா, அதுக்கு இன்னும் நிவாரணக் கூப்பன்தான் குடுக்கல்ல" என்பாள். கொடுத்த மாவில் ரொட்டி சுட்டுவிட்டு, "இதை அடுக்கினா பங்கர் தேவையில்ல" என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவளில்லை. ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சும் எழுத்தும் வந்தது. அவள் சொன்னவற்றை இரவில் நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த வாயா இப்போது என் வயிற்றில் மாசம் எண்ணுகிறது என்பதில்தான் எனக்கு அத்தனை ஆத்திரம்.

என் கையில் கட்டு வந்த கதை இது.

முகாம் வாசலில் ஒரு கூடாரத்தில் நடமாடும் கிளினிக் வைத்திருந்தார்கள். கூட்டிப் பெருக்கவும் குப்பை எடுக்கவும் என்னைச் சம்பளத்துக்குச் சேர்த்திருந்தார்கள். கொட்டில் போடும் காலம் அது. பலகையும் ஆணியும் எங்கும் சிதறிக் கிடந்தன. ஆணி மிதித்தவர்களுக்கு ஏற்பு ஊசி, டெட்டனஸ் ஊசிதான், போட்டுப் போட்டு நேர்ஸ்மார் களைத்திருந்தார்கள். மச்சியும் காலில் ஆணி ஏறி வந்து போட்டுக்கொண்டாள். அன்று பின்னேரம் பஞ்சும் துணியும் நிரம்பிய சொப்பிங் பேக்கை அமுக்கிக் கட்டினேன். உள்ளே கிடந்த ஊசியொன்று உள்ளங்கையில் ஏறியது. இழுத்து எடுத்ததும் இரத்தம் வந்தது.

பாவித்த ஊசிகளைப் போடவென்று அங்கே ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்குள் மண் நிரப்பி, கூடாரத்துச் சீலை காற்றில் அடிக்காமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தார்கள்.

கையைக் காட்டியபோது அங்கிருந்த டொக்டர் சொன்னது: "கொஞ்சம் பார்த்து எடுத்திருக்கலாமே." நான் அந்த மஞ்சள் பெட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ஒரு துண்டில் எழுதித் தந்து, "ஒண்டும் இருக்காது, எதுக்கும் இப்பயே பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். எதுவும் இருக்காது என்றால் ஏன் அவசரமாகப் போகச் சொல்கிறார்கள் என்று பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேள்விகள் கேட்டார். எச்.ஐ.வி என்ற சொல்லை அங்கேதான் என் பெயரோடு சேர்த்து முதன்முதலாகக் கேட்டேன். "புருஷனுக்கு வேற தொடர்புகள் இருந்துதா?"

"அவரைக் கடல் கொண்டுபோயிட்டு. கேட்டுத்தான் சொல்லணும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்றார். இருக்கலாம். அந்த ஊசியைப் பஞ்சுக்குள் போட்டவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு, அதையும் தடுக்கத்தான் இந்தக் குளிசைகள், ஒரு மாதம் காலையும் மாலையும் தவறாமல் போடவேண்டும், விழுங்கிய கையோடு சத்தி எடுத்தால் உடனே இன்னொன்று போடவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷிதான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "குறைவுதான் டொக்டர். கடலும் வீட்டுக்குள்ள வராதெண்டுதான் நாங்க இருந்தம்."

பிறகு எடுத்த இரத்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் எதுவுமில்லை என்றே வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் எனக்காக அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டாம். நான் சுமந்தது போதும்.

பயம் வேறு எங்கும் வரவில்லை. பேன் பார்க்கும்போது வந்தது. மகள் என் மடியில் தலையை வைப்பாள். அவளுடைய மண்டையில் என் நகம் கீறிவிடுமோ என்று கையை எடுத்துவிடுவேன். "ஏன்மா பாக்கிறாயில்ல?" என்பாள். கண் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். தொடுவதால் வராது என்று டொக்டர் சொன்னது காதில் இருந்தது. கைக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கும் ஏதும் ஆனால் இவளுக்கு யார் என்ற நினைப்பு வந்ததும், முகாமில் போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். யாருடைய ஊசி அது? யாருடைய இரத்தம் என் கைக்குள் போனது? ஆணி மிதித்தவர்கள் எல்லாரையும் வெறுத்தேன். நொண்டி நடந்த கிழவரைக்கூட வெறுத்தேன்.

குளிசை வயிற்றைப் பிரட்டியது. சத்தி எடுப்பதை ஆட்கள் பார்ப்பார்கள் என்று சாப்பிடாமல் விழுங்கினேன், அது இன்னும் மோசமாக்கியது. ஊர் வாயை மூட ஒரே வழி குளிசையை நிறுத்துவதுதான் என்று மனதுக்குள் ஒரு பேச்சு ஓடத் தொடங்கியிருந்தது.

அன்று காலையும் விழுங்கிய குளிசை அப்படியே மண்ணில் கிடந்தது. இன்னொன்று போடவேண்டும். வாய் கொப்பளித்துக் கொப்பளித்துப் பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பவுசர் பிந்திவிட்டது. என் வாளி வரிசையின் கடைசியில். குளிசை முந்தானை முடிச்சில். அப்போதுதான் அவள் அந்தப் பந்தயத்தைச் சொன்னாள்.

"மச்சி," என்றேன், "உனக்கு ஏற்பு ஊசி போட்டாங்களே, நினைவிரிக்கா?"

"ஓம். அதுக்கென்ன?"

"அண்டைக்குக் குப்பை கட்டினது நான். அதுக்குள்ள கிடந்த ஊசியொண்டு என்ட கையில ஏறிட்டு. எயிட்ஸ் வராம இரிக்கக் குளிசை தந்திரிக்காங்க. அதுதான் சத்தி. புள்ளயுமில்ல, பவுசர்க்காரருமில்ல."

சிரிப்பு நின்றது. எனக்கு முன்னால் நின்றவள் தன் வாளியை மெல்ல இழுத்துக்கொண்டாள். அது மண்ணில் உரசிய சத்தம் கேட்டது.

"ஆர்ட ஊசியாம்?" என்றாள் மச்சி. குரல் இறங்கியிருந்தது.

"ஆருக்கும் தெரியா. உன்டயாயும் இரிக்கலாம்."

"எனக்கு அப்பிடியொண்டும் இல்லகா."

"இல்லாம இரிக்கட்டும். குளிசையை நான்தானே விழுங்கிறன். உன்ட பந்தயத்தில இதையும் சேர். வருமா, வராதா?"

பவுசர் வாசலில் திரும்பி ஹோர்ன் அடித்தது. யாரும் அசையவில்லை.

"வாளி பட்டா ஒட்டுமா?" என்றாள் மச்சி.

"ஒட்டாது."

"இப்பயே போடணுமா அந்தக் குளிசை?"

"இப்பயே. போட்டது வெளிய போயிட்டு."

அவள் என் வாளியைப் பார்த்தாள். குனிந்து கையை நீட்டினாள், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகி, ஆணி ஏறிய அந்தக் காலால் என் வாளியைத் தள்ளினாள். "விலகுங்கடி" என்று சொல்லிக்கொண்டே, தள்ளித் தள்ளி, வரிசை முழுவதையும் தாண்டிக் கொண்டுபோய்ப் பவுசர் குழாயின் கீழே நிறுத்தினாள்.