தண்ணீர் விடாத நாற்பது வரி

பிள்ளைகளே, நான் ஐடிஐயில் வயரிங் படித்தவன். மோட்டாரைத் தானாக ஓட வைக்கும் பெட்டிகளை மாட்டுவது என் தொழில். உள்ளே ஓடும் புரோகிராமை வேறு ஆட்கள் எழுதுவார்கள். அது நீளமாக இருந்தால் எழுதியவர் பெரிய அறிவாளி என்று வாயைப் பிளந்தவன்தான் நானும். வெட்கமாக இருக்கிறது.

கண்டனூரில் ஒரு பெரிய வீடு. கல்யாணம், திருவிழா என்றால்தான் திறப்பார்கள். அங்கே நான் மாட்டிய பெட்டிக்கு வெளியூர் இன்ஜினீயர் ஒருவர் புரோகிராம் எழுதியிருந்தார்: முன்கதவு திறந்திருந்தால் ஆள் இருப்பது உண்மை, அது உண்மை என்பது உண்மையானால், தொட்டி நிறைந்திருப்பது பொய்யானால்... இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது வரி. கையால் போடும் சுவிட்ச் பழைய காலத்துச் சமாச்சாரமாம். அதையும் கழற்ற வைத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை ஏழு மணிக்குச் சமையல்காரர் போன் செய்தார்.

"அண்ணே, எங்க இருக்கீக? நேத்துக் கழுவிவிட்ட தொட்டி அப்படியே காஞ்சு கெடக்கு. அரிசி ஊறப்போடணும். பதினொன்னுக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துருவாக!"

ஓடினேன். சமையல் ஆட்கள் பதினாறு பேர் பின்கட்டு வழியாக வந்து அண்டாக்களோடு நின்றார்கள். முன்கதவை வீட்டுக்கார ஆச்சி வந்து பத்தரை மணி நல்ல நேரத்தில்தான் திறப்பார். இது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினீயருக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அவரைப் போனில் பிடித்தேன்.

"லாஜிக் கரெக்ட்டுங்க. கதவு பூட்டியிருந்தா வீட்ல ஆளே இல்லன்னு அர்த்தம்."

பக்கத்தில் நின்ற சமையல்காரருக்கு அது கேட்டுவிட்டது. "அப்ப நாங்கல்லாம் என்ன ஆவியாண்ணே?"

லேப்டாப்பைத் திறந்து, அந்த நாற்பது வரியை முதல்முறையாகப் பயப்படாமல் படித்தேன். அறிவு ஒன்றும் இல்லை, பந்தாதான் இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் குழாயை யார் திறக்கப் போகிறார்கள்? நிறைந்த தொட்டி நிறைந்தே கிடக்கும், மோட்டாரும் ஓடாது. ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியே வெட்டி. உண்மையா என்று ஒருமுறை கேட்டதை, உண்மைதானா என்று மறுபடி கேட்பதும் வெட்டி. எல்லாவற்றையும் அழித்தேன். தொட்டியில் தண்ணீர் குறைந்து, கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடட்டும். ஒரே வரி.

மோட்டார் உறுமியது. எட்டு மணிக்கு அண்டா நிறைந்தது.

மாற்றியதைச் சொல்ல இன்ஜினீயரை மறுபடி அழைத்தேன். அவர் குரலில் அப்படி ஒரு வருத்தம். "ஒரே வரியா? பார்க்கிறவங்க என்னங்க நினைப்பாங்க?"

"அரிசி ஊறிக்கிட்டிருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.